கடைசி வீரன் என்னும் பொய்

போன மாதம் சித்தி பையன் ஒரு ரீல்ஸ் அனுப்பியிருந்தான். ஒரு நிமிஷம்தான். பின்னணியில் முரசு அதிர்கிற மாதிரி இசை. காட்டுக்குள்ளிருந்து ஒட்டுப்போட்ட சீருடையோடு ஒரு ஜப்பானியச் சிப்பாய் வெளியே வந்து விறைப்பாக சல்யூட் அடிக்கிறார். “29 வருஷம், ஒரே ஒரு கட்டளை. உன்னால ஒரு மாசம் ஒழுங்கா ஜிம்முக்குப் போக முடியல” என்று ஒரு கரகரத்த குரல் நம்மைத் திட்டுகிறது. கீழே வரிசையாக நெருப்பு எமோஜிகள். “அண்ணா, என்னா டெடிகேஷன் பாருங்க” என்று அவனும் ஒரு நெருப்பை வைத்திருந்தான்.

“பாத்தேன்டா, அப்புறம் பேசலாம்” என்று போட்டுவிட்டு நகர்ந்துவிட்டேன். அன்றைக்கே பேசியிருக்க வேண்டும். பேசாமல் விட்டதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

அந்தச் சிப்பாயின் பெயர் ஒனோடா ஹிரோ. 1944 டிசம்பரில் பிலிப்பைன்ஸின் லுபாங் தீவுக்கு அனுப்பப்பட்டவர். போர் 1945இல் முடிந்தது. அவர் காட்டைவிட்டு வந்தது 1974 மார்ச்சில். போர்க்காலத்தில் அவருக்கு மேலதிகாரியாக இருந்தவரைத் தேடிப்பிடித்து விமானத்தில் கூட்டிவந்து, கட்டளையை வாபஸ் வாங்குவதாக நேரில் படித்துக்காட்டிய பிறகுதான் துப்பாக்கியைக் கீழே வைத்தார். இதுவரை ரீல்ஸில் இருக்கிறது. இல்லாதது ஒன்று உண்டு. அந்த இருபத்தொன்பது வருடங்களில் ஒனோடாவும் அவர் கூட்டாளிகளும் லுபாங் தீவுக்காரர்கள் சுமார் முப்பது பேரைக் கொன்றிருக்கிறார்கள். வயலுக்குப் போனவன், மாடு மேய்த்தவன், மீன் பிடித்தவன்.  பிலிப்பைன்ஸ் அதிபர் மார்கோஸ் மன்னிப்பு வழங்கினார். செத்தவர்களின் வீட்டில் மன்னிக்கலாமா என்று யார் கேட்டார்கள்? ஒனோடாவின் சுயசரிதையை அவருக்காக எழுதிக்கொடுத்தவரே, இந்த ஆள் நாயகன் இல்லை என்று பின்னாளில் தனியாக ஒரு புத்தகம் போட்டார். அதெல்லாம் ஒரு நிமிஷத்துக்குள் அடங்காது.

நான் ஒனோடாவைத் திட்ட வரவில்லை. செத்துவிட்ட ஒரு மனிதரை நாற்காலியில் உட்காரவைத்து விசாரிப்பது சுலபமான வேலை. என் சண்டை அந்தக் கதையோடு. தூரத்துத் தீவில் கைவிடப்பட்டவனை ‘கடைசிவரை நின்ற வீரன்’ என்று மாற்றிச் சொல்லும் கதை அது. அதை முதலில் எழுதியவர்கள் டோக்கியோவில் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவர்கள். எண்பது வருடம் கழித்து, சம்பளம் வாங்காமல், நாம் அதைப் பிரதி எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

*

அலாஸ்காவுக்கு மேற்கே வடபசிபிக்கில் ஒரு நீண்ட தீவுச் சங்கிலி இருக்கிறது. அதன் கடைக்கோடியில் அட்டு. பனி, மூடுபனி, சதுப்பு. மரம்கூடக் கிடையாது. 1942 ஜூனில் ஜப்பான் இதையும் அடுத்துள்ள கிஸ்காவையும் பிடித்தது. 1943 மே மாதம் அமெரிக்கப் படை அட்டுவில் இறங்கியபோது அங்கே இருந்த ஜப்பானியர் இரண்டாயிரத்துச் சொச்சம் பேர். சண்டை நடந்துகொண்டிருக்கும்போதே தலைமையகம் முடிவெடுத்துவிட்டது: துணைப்படை அனுப்பப்போவதில்லை, அட்டுவைக் கைகழுவுவது. மே 29 அன்று மிச்சமிருந்தவர்கள் கடைசித் தாக்குதலுக்குக் கிளம்பினார்கள். அதற்கு முன் நடக்க முடியாத காயம்பட்டவர்களின் கதை முடிக்கப்பட்டது. அந்த முகாமின் மருத்துவர் ஒருவருடைய நாட்குறிப்பில் அது பதிவாகியிருக்கிறது. உயிரோடு பிடிபட்டவர்கள் முப்பது பேர்கூட இல்லை.

மறுநாள் டோக்கியோ அறிவித்தது. தோற்றார்கள் என்று அறிவிக்கவில்லை, கைவிட்டோம் என்றும் அறிவிக்கவில்லை. ‘க்யோகுசாய்’ என்று அறிவித்தது. மணி உடைந்து சிதறுவது என்று பொருள். அற்ப ஓடாக முழுசாகக் கிடப்பதைவிட மணியாக உடைந்துபோவது மேல் என்ற கருத்து பழைய சீன வரலாற்று நூல் ஒன்றிலிருந்து வந்தது. நல்ல சொல்தான். கவிஞர்கள் பொறாமைப்படுகிற சொல். உதவி கேட்டு நின்ற இரண்டாயிரம் பேருக்கு உதவி மறுத்தவர்கள், அந்த மறுப்பை ஒரே சொல்லில் அணிகலனாக மாற்றிவிட்டார்கள்.

இதற்கு நான்கு மாதம் முன்பே இன்னொரு சொல் தயாராகியிருந்தது. சாலமன் தீவுகளில் ஒன்றான குவாடல்கனாலில் ஜப்பான் இறக்கிய படை முப்பதாயிரத்துக்கும் கொஞ்சம் அதிகம். அதில் இருபதாயிரத்துக்கு மேல் செத்தார்கள். அந்த இருபதாயிரத்தில் பதினைந்தாயிரம் பேர் அளவில் பசியாலும் நோயாலும் செத்தவர்கள். சிப்பாய்களே அந்தத் தீவுக்குப் ‘பட்டினித் தீவு’ என்று பெயர் வைத்திருந்தார்கள். 1943 பிப்ரவரி முதல் வாரத்தில் மிச்சமிருந்த பத்தாயிரத்துச் சொச்சம் பேரை இரவோடு இரவாகக் கப்பலேற்றிக் கொண்டுபோனார்கள். இதற்கு டோக்கியோ வைத்த பெயர் ‘டென்ஷின்’. வேறு திசையில் முன்னேறுவது! ஓடிவந்ததை முன்னேற்றம் என்று சொல்லலாம் என்றால், சாகவிட்டதை மணி உடைந்தது என்று சொல்வதில் என்ன கஷ்டம்?

இங்கே ஒரு நண்பர் குறுக்கிடுவார்: “அதான் அவங்க மரபு. புஷிடோ. சரணடைய மாட்டாங்க.”

இதைக் கேட்கும்போதுதான் எனக்கு எரிச்சல் வரும். 1904–05இல் ரஷ்யாவோடு நடந்த போரில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஜப்பானியச் சிப்பாய்கள் பிடிபட்டார்கள். போர் முடிந்து ஊர் திரும்பினார்கள். ஆயிரமாண்டு மரபு அப்போது எங்கே போயிருந்தது? சிறைப்பட்டு அவமானத்தோடு வாழாதே என்று சாரம் கொண்ட ‘செஞ்சின்குன்’ என்னும் போர்க்கள விதித்தொகுப்பு தோஜோ ஹிதேகி பெயரில் வெளிவந்தது 1941 ஜனவரியில். அட்டு விழுந்தபோது அந்த மரபுக்கு வயது இரண்டரை.

மரபு எப்படித் தயாரிக்கப்பட்டது என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. பேர்ல் ஹார்பர் தாக்குதலுக்கு ஐந்து குட்டி நீர்மூழ்கிகள் போயின. ஒன்றுக்கு இரண்டு பேர். ஐயிரண்டு பத்து. ஆனால் ஜப்பான் கொண்டாடிய ‘போர்த் தெய்வங்கள்’ ஒன்பது. பத்தாமவர் சகாமகி கசுவோ. அவர் சாகவில்லை, அமெரிக்கர்களிடம் பிடிபட்டார். ஆகவே படத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். செத்தால் தெய்வம், பிழைத்தால் ஆளே இல்லை. வீட்டில் அம்மா இருக்கிறாள், அக்கம்பக்கம் இருக்கிறது, ஊர் இருக்கிறது. இந்தக் கணக்கு அத்தனை பேருக்கும் தெரியும். இப்படி இருக்கும்போது ஒரு இருபது வயதுப் பையன் கையெறி குண்டை வயிற்றில் அழுத்திக்கொள்வதற்குப் பெயர் மரபா?

இன்னொன்றும் சொல்லவேண்டும். அட்டுவுக்குப் பக்கத்தில் கிஸ்கா. அங்கே ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட ஜப்பானியர் இருந்தார்கள். அட்டு விழுந்து இரண்டு மாதம் கழித்து, ஜூலை கடைசியில், மூடுபனியைப் போர்வையாக வைத்துக் கப்பல்கள் உள்ளே புகுந்து அத்தனை பேரையும் ஒரு மணி நேரத்துக்குள் ஏற்றிக்கொண்டு போய்விட்டன. அமெரிக்கருக்குத் தெரியவே இல்லை. ஆகஸ்டில் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட படையோடு காலியான தீவின்மேல் வந்து இறங்கினார்கள். ஆக, காப்பாற்றத் தெரியும். மனசும் கப்பலும் இருந்தால் முடியும். இருந்தும் அட்டுவைப் பாடினார்கள், கிஸ்காவைப் பாடவில்லை. உயிரோடு வந்தவனை வைத்து எவன் காவியம் எழுதுவான்?

*

சண்டை போட்டுச் செத்தவர்களைப் பற்றியாவது ஒரு பாட்டு உண்டு. சண்டையே வராத தீவுகளைப் பற்றி அதுவும் இல்லை. எனக்கு முக்கியமானவை அவைதான்.

நடுப் பசிபிக்கின் மைக்ரோனீசியத் தீவுகளை முதல் உலகப்போரின்போது ஜெர்மனியிடமிருந்து ஜப்பான் பிடுங்கியது. பிறகு சர்வதேச சங்கத்தின் பெயரால் ஆண்டது. போர் வந்ததும் ஒவ்வொரு தீவிலும் விமான ஓடுபாதை, பீரங்கி, ஆயிரக்கணக்கில் ஆள். 1943 நவம்பரில் தராவாவில் அமெரிக்கா இறங்கியது. மூன்று நாளில் பாதுகாப்பில் இருந்த நான்காயிரத்து அறுநூறு பேருக்கு மேல் செத்தார்கள். அமெரிக்கர்களும் ஆயிரம் பேர் அளவில் செத்தார்கள். ஒரு ஊர் அளவுகூட இல்லாத மணல்திட்டுக்கு இந்த விலையா என்று அமெரிக்காவிலேயே கேள்வி எழுந்தது. அதற்குப் பிறகு பல தீவுகளைத் தாக்காமல் தாண்டிப்போவது என்ற உத்தி வலுத்தது. தேவையான தீவை மட்டும் பிடி, மற்றதைச் சுற்றிவளைத்து விட்டுவிடு, கொடியில் காய் வாடுவதுபோல் தானாக வாடட்டும். ரபவுலில் ஒரு லட்சம் பேர் அளவில் இப்படி விடப்பட்டார்கள். ட்ரக், வொட்ஜே, மிலி, ஜலுயிட், மெரெயோன் என்று பட்டியல் நீளும்.

மெரெயோனை மட்டும் எடுத்துக்கொள்வோம். வரைபடத்தில் வொலியாய் என்று இருக்கும். பவளப்பாறை வளையம். எல்லாத் திட்டுகளையும் கூட்டினாலும் நிலப்பரப்பு நாலரை சதுர கிலோமீட்டர்தான். மேலே மணல், அடியில் சுண்ணாம்பு. மழை பெய்தால் நிலத்தடியில் மெல்லிய படலமாக நல்ல தண்ணீர் நிற்கும், அவ்வளவுதான். ஈரப்பலா, தென்னை, குழிவெட்டி வளர்க்கும் சேம்புக்கிழங்கு, மீன் என்று சில நூறு தீவுக்காரர்கள் அளவோடு வாழத் தெரிந்துவைத்திருந்த இடம். 1944இன் முன்பாதியில் அங்கே கொண்டுவந்து கொட்டப்பட்ட ஜப்பானியப் படையினர் ஆறாயிரத்து ஐநூறு பேர். கொஞ்ச நாளில் குண்டுவீச்சில் உணவுக் கிடங்கு போயிற்று. கடல் அமெரிக்க நீர்மூழ்கிகளின் கையில். எப்போதாவது ஒரு ஜப்பானிய நீர்மூழ்கி கொஞ்சம் அரிசியோடு வந்தால் உண்டு.

எதிரி அந்தத் தீவில் கால்வைக்கவே இல்லை. ஆனாலும் 1945 செப்டம்பரில் மருத்துவக் கப்பல் வந்தபோது மிச்சமிருந்தவர்கள் ஆயிரத்து அறுநூறு பேர் அளவில். மற்றவர்கள் எலி, பல்லி, புல், பூண்டு எல்லாம் தின்று பார்த்து, கடைசியில் தின்ன எதுவும் இல்லாமல் போனவர்கள். தீவைச் சுற்றிக் கண்ணுக்கு எட்டிய தூரம் மீன் நிறைந்த கடல். ஆனால் வலை இல்லை, படகு இல்லை, பகலில் வெளியே வந்தால் விமானம், எல்லாவற்றுக்கும் மேலாக உடம்பில் தெம்பு இல்லை.

என் வாதத்துக்கு மையமான கணக்கு இனிமேல்தான். அந்தத் தீவின் ராணுவப் பிரிவில் அதிகாரிகளில் மூன்றில் ஒருவர் செத்தார். சாதாரணச் சிப்பாய்களில் ஐந்தில் நால்வர் செத்தார்கள். ஒரே தீவு, ஒரே முற்றுகை, ஒரே சக்கரவர்த்தி. பசிக்கு எப்படித் தோள்பட்டைப் பட்டை தெரிந்தது? தெரியாது. பட்டியல் போட்டவனுக்குத் தெரிந்தது. சோற்றைப் பங்கு வைத்த கை அதிகாரியின் கை. சாப்பாட்டைத் திருடிய சிப்பாய்க்கு மரணம்வரை தண்டனை இருந்தது. பங்கிலேயே திருட்டு இருந்ததற்கு யாருக்குத் தண்டனை? போருக்குப் பிறகு ஜப்பானில் இது பெரிய சர்ச்சையானது. ராணுவப் பிரிவின் தளபதி கிதாமுரா, செத்தவர்களின் குடும்பங்களைப் போய்ப் பார்த்துவிட்டு, 1947இல் தற்கொலை செய்துகொண்டார். கூட்டுக் குற்றத்தை ஒரு தனிமனிதச் சாவால் கழுவுவது. அந்த மரபு மட்டும் கடைசிவரை வேலை செய்தது.

மார்ஷல் தீவுகளின் வொட்ஜேயில் சாதோ தொமிகொரோ என்று ஒருவர் இருந்தார். டோக்கியோவில் பஸ் ஓட்டியவர். வயது முப்பத்தொன்பது. சாகும்வரை நாட்குறிப்பு எழுதினார். பசியும் குடும்பமும்தான் அதில் இருப்பவை. 1945 ஏப்ரலில் பட்டினியால் செத்தார். நாட்குறிப்பை ஒரு நண்பர் ஊருக்குக் கொண்டுவந்து சேர்த்தார். பல பத்தாண்டுகள் கழித்து அவர் மகன் முதியவராகி அந்தத் தீவுக்குப் போனார். அந்தப் பயணம் 2018இல் ஆவணப்படமாகவும் வந்தது. படத்தின் பெயர் ‘தாரினாய்’. ‘போதவில்லை’ என்று அர்த்தம். ‘மணி உடைந்தது’ என்ற சொல்லுக்குப் பக்கத்தில் இந்தச் சொல்லை வைத்துப் பாருங்கள். போரைப் பற்றிய உண்மையான சொல் எது என்று தெரிந்துவிடும்.

வேக் தீவில் பறக்கத் தெரியாத ஒரு சின்னப் பறவை இருந்தது. உலகத்தில் வேறெங்கும் கிடையாது. அந்தத் தீவிலும் படையைப் பட்டினி போட்டார்கள். போர் முடிந்தபோது அந்தப் பறவை இனமே இல்லை. தின்று முடித்திருந்தார்கள். சிப்பாய்களை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் ‘கடைசி வீரன்’ கதையை ரசிப்பவர்கள் இந்தப் படத்தையும் ரசிக்கட்டும்: எலும்பும் தோலுமான ஒரு ஆள், கடைசிப் பறவையைத் துரத்திக்கொண்டு ஓடுகிறான்.

ஃபுஜிவாரா அகிரா என்ற வரலாற்றாசிரியர் சீனாவில் கம்பெனித் தளபதியாகப் போரிட்டவர். பட்டினியால் செத்த வீரர்களைப் பற்றி 2001இல் ஒரு நூல் எழுதினார். ஜப்பானியப் படையின் மொத்தச் சாவு 23 லட்சம், அதில் 14 லட்சம் அளவில் பட்டினியும் பட்டினியோடு ஒட்டிய நோயும் கொண்டுபோனவை என்பது அவர் கணக்கு. அறுபது சதவீதம். ஹாதா இகுஹிகோ போன்ற வேறு அறிஞர்கள் அவ்வளவு இருக்காது, நாற்பதுக்குக் கொஞ்சம் கீழே என்கிறார்கள். சரி, குறைந்த கணக்கையே வைத்துக்கொள்ளுங்கள். அப்படியும் மூன்றில் ஒருவனுக்கு மேல் சோறில்லாமல் செத்திருக்கிறான். இதை எந்த முரசு இசையோடு ரீல்ஸ் போடப்போகிறீர்கள்?

*

இவ்வளவு நேரம் ஜப்பானியச் சிப்பாய்க்காகப் பேசினேன். பேசவேண்டியதுதான். ஆனால் இங்கேயே நிறுத்தினால் நானும் ஒரு வகை ரீல்ஸ்காரன் ஆகிவிடுவேன். அந்தத் தீவுகள் காலி மனைகள் அல்ல. அவை பலருடைய ஊர்.

நவூருவை ஜப்பான் 1942 ஆகஸ்டில் பிடித்தது. மறுவருஷம் தீவின் மக்கள் 1,200 பேரை ட்ரக்குக்குக் கூலிகளாக நாடுகடத்தியது. 1946 ஜனவரி கடைசியில் ஊர் திரும்பியவர்கள் 737 பேர். நவூருவின் தொழுநோயாளிகள் 39 பேரைப் படகில் ஏற்றிக் கடலில் இழுத்துப்போய் மூழ்கடித்தார்கள். பக்கத்துப் பனாபா தீவில் வேலைக்கு வைத்திருந்த நூற்றுக்கும் மேற்பட்ட ஆண்களைக் கொன்றது எப்போது தெரியுமா? 1945 ஆகஸ்டில், ஜப்பான் சரணடைந்த பிறகு. ஒரே ஒருவர் தப்பிப் பிழைத்து வந்து சொன்னதால் உலகத்துக்குத் தெரிந்தது. வேக் தீவில் பிடித்துவைத்திருந்த அமெரிக்கக் கட்டுமானத் தொழிலாளர்கள் 98 பேரை 1943 அக்டோபரில் சுட்டுக் கொன்றார்கள். மிலியில் 1945 மார்ச்சில் கொரியத் தொழிலாளர்களும் மார்ஷல் தீவுக்காரர்களும் சேர்ந்து எதிர்த்து எழுந்தார்கள். அடக்கிக் கொன்றார்கள்.

தராவாவுக்குத் திரும்பிப் போவோம். ‘கடைசி மனிதன்வரை போரிட்டார்கள்’ என்று புத்தகங்களில் வரும் தீவு. அங்கே உயிரோடு பிடிபட்டவர்கள் 146 பேர். அதில் ஜப்பானியச் சிப்பாய்கள் 17. மீதி 129 பேர் கொரியத் தொழிலாளர்கள். கொரியர்களாக அங்கே இருந்தவர்கள் மொத்தம் ஆயிரத்து இருநூறு பேர் அளவில். குழி தோண்டவும் சிமெண்ட் கலக்கவும் கொண்டுவரப்பட்டவர்கள். செத்துப்போன ஆயிரத்துச் சொச்சம் கொரியர்களையும் அந்த ‘கடைசி மனிதன்’ கணக்கில் சேர்த்தாகிவிட்டது. யாருடைய சக்கரவர்த்திக்கு யாருடைய மணி உடைந்தது?

நமக்கும் இதில் ஒரு நேரடிக் கணக்கு உண்டு. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் விழுந்தபோது பிடிபட்ட இந்தியப் படையினரில் எல்லாரும் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்துவிடவில்லை. சேர மறுத்தவர்களில் ஆயிரக்கணக்கானோரை 1943இல் கப்பலேற்றி நியூ கினிக்கும் நியூ பிரிட்டனுக்கும் கூலிகளாக அனுப்பினார்கள். நியூ கினியின் வேவாக் பக்கம் போனவர்கள் மட்டும் மூவாயிரம் பேர் அளவில். வேலை, அடி, பட்டினி, கொலை. பிழைத்தவர்கள் மிகச் சிலர். அவர்களில் ஜமேதார் சிந்த் சிங் போர்க்குற்ற விசாரணையில் சாட்சி சொன்னார். ஜப்பான் நமக்கு விடுதலை கொண்டுவந்த நாடு என்று இன்றும் மேடையில் முழங்குகிறவர்கள் இவர்களைப் பற்றி ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. அவ்வளவு தூரம் ஏன், வங்காள விரிகுடாவில் அந்தமானும் அப்போது ஜப்பானியப் படைத் தீவுதான். 1943 டிசம்பர் 30 அன்று போர்ட் பிளேரில் போஸ் கொடியேற்றினார். சரியாக ஒரு மாதம் கழித்து, 1944 ஜனவரி 30 அன்று, ஹம்ஃப்ரிகஞ்சில் 44 இந்தியர்களை ஒற்றர்கள் என்று சொல்லிச் சுட்டுக் குழியில் தள்ளினார்கள். கொடியின் புகைப்படம் நம் எல்லாரிடமும் இருக்கிறது. குழியின் புகைப்படம்?

அமெரிக்காவை நல்லவனாக்கவும் நான் வரவில்லை. தாண்டிப்போன தீவுகளின்மேல் அதன் விமானங்கள் போர் முடியும்வரை குண்டு போட்டுக்கொண்டே இருந்தன. கீழே பட்டினி கிடந்தவர்களில் தீவுக்காரர்களும் இருந்தார்கள். போர் முடிந்த மறுவருஷமே மார்ஷல் தீவுகளின் பிகினியில் மக்களை அப்புறப்படுத்திவிட்டு அணுகுண்டு வெடித்தது. 1958க்குள் அந்தத் தீவுகளில் 67 வெடிப்புகள். ஒரு பேரரசு போய் இன்னொன்று வந்தது. ஈரப்பலா மரத்துக்குச் சொந்தக்காரனை இரண்டுமே கேட்கவில்லை.

*

ஒனோடாவோடு சேர்த்துச் சொல்லவேண்டிய இரண்டு பேர் இருக்கிறார்கள். ரீல்ஸில் வராதவர்கள்.

ஒருவர் யோகோய் ஷோயிச்சி. தையல்காரர். குவாம் தீவில் மூங்கில் புதருக்கு அடியில் பொந்து தோண்டி 28 வருஷம் ஒளிந்திருந்தார். மரப்பட்டை நாரை நூலாக்கி, நெய்து, தைத்து உடுத்திக்கொண்டார். அவருக்கு எந்த ரகசியக் கட்டளையும் இல்லை. போர் முடிந்த செய்தி அவர் காதுக்கு முன்பே எட்டியிருந்தது. பிடிபட்டால் என்ன ஆகும் என்ற பயம், சரணடைந்தவன் என்ற பெயரோடு ஊரில் எப்படி முகம் காட்டுவது என்ற வெட்கம். 1972 ஜனவரியில் தீவுக்காரர்கள் இருவர் பிடித்துக் கொண்டுவந்தார்கள். உயிரோடு திரும்பியதற்கு வெட்கப்படுவதாக அவர் சொன்னது ஜப்பானில் பிரபலமான வாசகம் ஆனது. 28 வருஷம் எலியும் நத்தையும் தின்று உயிரைக் காப்பாற்றிய ஒருவர் அந்த உயிருக்காக வெட்கப்பட்டார். அந்தப் பயிற்சி அப்படி.

இன்னொருவர் 1974 டிசம்பரில் இந்தோனேசியாவின் மொரோட்டாய் தீவில் கண்டுபிடிக்கப்பட்டார். ஜப்பானியப் படைப் பதிவில் நாகாமுரா தெருவோ. தைவானின் அமிஸ் பழங்குடி. சொந்தப் பெயர் அத்துன் பலாலின். ஊர் திரும்பியபோது தைவான் அரசு லீ குவாங்-ஹுவே என்று சீனப் பெயர் ஒன்றைத் தயாராக வைத்திருந்தது. மனைவி வேறு ஒருவரை மணந்து வாழ்ந்துகொண்டிருந்தார். அவரும் முப்பது வருஷம் காட்டில் இருந்தார். யாரையும் கொல்லவில்லை, தனியாகத் தோட்டம் போட்டு வாழ்ந்தார். ஒனோடாவுக்குக் கிடைத்த வரவேற்பு கிடைத்ததா? ஜப்பானியக் குடிமகன் இல்லை என்பதால் ஓய்வூதியம் கிடையாது, சட்டப்படி சேரவேண்டியது 68,000 யென் என்றார்கள். மக்கள் கொதித்த பிறகுதான் நன்கொடையும் கூடுதல் தொகையும் சேர்ந்தன. 1979இல் இறந்துபோனார். விசுவாசம்தான் அளவுகோல் என்றால் இவரல்லவா நாயகன்? ஆனால் விசுவாசத்துக்கும் அங்கே குடியுரிமைச் சான்றிதழ் தேவைப்பட்டது.

இந்த வாசகர்களில் மாங்கா படிப்பவர்கள் நிறைய. அவர்களுக்கு மிசுகி ஷிகெருவைத் தெரிந்திருக்கும். பேய்க்கதைகளால் புகழ்பெற்றவர். ரபவுல் பக்கம் சிப்பாயாக இருந்து இடது கையை இழந்தவர். 1973இல் தன் அனுபவத்தை வைத்து ‘எல்லாரும் க்யோகுசாய் ஆகுங்கள்’ என்ற பொருளில் தலைப்பு வைத்து ஒரு மாங்கா வரைந்தார். அதில் ஒரு படைப்பிரிவு கடைசித் தாக்குதலுக்குப் போகிறது. தலைமையகத்துக்கு ‘மணி உடைந்தது’ என்று தந்தி போய்விடுகிறது. ஆனால் சிலர் சாகாமல் பிழைத்து வந்துவிடுகிறார்கள். அறிக்கை போய்விட்டதே, இனி என்ன செய்வது? பிழைத்தவர்களைச் சாகச் சொல்கிறார்கள். சொல் முதலில் போய்விட்டது, உடல்கள் பின்னாலேயே போய் அதை உண்மையாக்க வேண்டும். நான் இவ்வளவு பக்கத்தில் சொல்லவந்ததை அந்த ஒற்றைக் கை சொல்லி முடித்துவிட்டது.

நடுகற்களின் மண்ணிலிருந்து வந்தவர்கள் நாம். வீரச்சாவு என்றால் நமக்கு உடம்பு சிலிர்க்கும், மறுக்கவில்லை. ஆனால் எத்தனையோ நடுகல்லில் செத்தவன் பெயர் இருக்கிறது, அவன் மீட்ட மாடு இருக்கிறது, அவன் எதற்காகச் செத்தான் என்று பார்ப்பவனுக்குப் புரியும். மெரெயோனில் செத்தவன் எதை மீட்டான்? வெளிநாட்டு மண்ணில் செத்த ஜப்பானியர் 24 லட்சம் பேரில் 11 லட்சத்துக்கும் மேற்பட்டோரின் எலும்புகள் இன்னும் ஊர் திரும்பவில்லை. பாடியவர்கள் பொறுக்கக்கூடப் போகவில்லை.

போன வாரம் சித்தி பையனைக் கூப்பிட்டு இதில் பாதியைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, “அப்ப அவங்களுக்குத் தைரியமே இல்லைங்கிறீங்களா அண்ணா?” என்றான்.

“தைரியம் இருந்துச்சுடா. சோறுதான் இல்ல. சோறு அனுப்பாதவன்தான் தைரியத்தைப் பத்திப் பேசுனான்” என்றேன்.

“லுபாங்ல செத்தவங்க பேரெல்லாம் எங்கயாச்சும் இருக்குமா?”

அவன் கேட்ட முதல் நல்ல கேள்வி அது. அடுத்த ரீல்ஸை அங்கிருந்து ஆரம்பிக்கச் சொல்லியிருக்கிறேன்.